இரண்டு ரிசர்வுகள்: ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒரு கேரவன் விடுமுறை

கேரவன் என்றால் நம்ம ஊரில் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ள ஏறுகிற வண்டி. ஆஸ்திரேலியாவில் அது காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற வீடு. சுவர் உண்டு, ஜன்னல் உண்டு, திரைச்சீலை உண்டு. பகலில் சாப்பாட்டு மேசையாக இருப்பது ராத்திரி இறங்கிப் படுக்கையாகிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம் மெல்பர்னிலிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலை வழியாக அக்கா குடும்பத்தோடு பத்து நாள் இப்படிப் போனேன். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், நான். ஐந்து பேர். வாடகைக்கு எடுத்த வண்டியின் கையேட்டிலும் 'ஐந்து பேர் உறங்கலாம்' என்றுதான் போட்டிருந்தது. இந்த ஐந்து என்ற எண் தற்செயலானதல்ல என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அத்தான் ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு லீவு. அதை அவர் பேசுகிற தோரணையே தனி. "கெஞ்சி வாங்குற லீவு இல்ல மாப்ள, சட்டப்படி என் லீவு" என்றார், வண்டி ஓட்டிக்கொண்டே. பின்சீட்டிலிருந்து அக்கா சொன்னாள்: "வீட்ல நாலு அடுப்பு, இங்க ரெண்டு அடுப்பு. இதுக்குப் பேரு லீவாம்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது. வாக்கியங்களுக்கு வெளியேயும் கிடக்கிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஊர் திரும்பி இதைப் பேசியபோது ஒரு நண்பர், "கடற்கரை, கேரவன் இதெல்லாம் நடுத்தட்டு நுகர்வுக் கலாச்சாரம் தோழர், இதுல என்ன ஆய்வு" என்று ஒதுக்கினார். நம்மிடம் இந்தப் பழக்கம் உண்டு. உழைப்பைப் பற்றி மட்டும்தான் எழுதுவோம். உழைப்பாளி உழைக்காமல் இருக்கும் நேரத்தைப் பற்றி எழுதினால் ஏதோ தப்புச் செய்தது மாதிரி. மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் 1880இலேயே 'சோம்பலுக்கான உரிமை' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நம்மில் அதைப் படித்தவர்கள் குறைவு, படித்தவர்களும் அதை ஒரு நையாண்டியாக எண்ணி மூடிவைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் விடுமுறை மேலிருந்து வந்ததல்ல. 1856 ஏப்ரல் 21ஆம் தேதி மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் உளியைப் போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். எட்டு மணி நேர வேலை கிடைத்தது, கூலி குறையாமல். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தனக்கு. மூன்று எட்டுகளைத் தலையில் தாங்கிய ஒரு நினைவுத் தூண் மெல்பர்னில் தொழிற்சங்க மாளிகைக்கு எதிரே நிற்கிறது. மூன்றாவது எட்டுதான் நமக்கு முக்கியம். அந்த எட்டை வாரக்கணக்கில் சேர்த்துக் கொடு என்று கேட்பதற்கு அதற்குப் பிறகு எண்பது வருடம் ஆனது. 1936இல் அச்சுத் தொழிலாளர்கள் ஒரு வாரச் சம்பள விடுமுறையை நடுவர் மன்றத்தில் வாங்கினார்கள். அதே வருடம்தான் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரம் கொடுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சம்பள விடுமுறை உடன்படிக்கையும் அதே வருடம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1944இல் சட்டம் போட்டு இரண்டு வாரமாக்கியது. 1963இல் தேசிய அளவில் மூன்று வாரம். 1970களில் நான்கு. அத்தானின் "சட்டப்படி என் லீவு" இப்படி வாரம் வாரமாகப் பிடுங்கியது.

இனி அந்த ஐந்து. அக்கா வீடு மெல்பர்னுக்கு மேற்கே சன்ஷைன் பக்கம். ஊருக்குப் பெயர் கொடுத்ததே சன்ஷைன் என்ற அறுவடை எந்திரத் தொழிற்சாலைதான். அந்தத் தொழிற்சாலையின் வழக்கில்தான் 1907 நவம்பரில் நீதிபதி ஹிக்கின்ஸ் 'நியாயமான கூலி' என்றால் என்ன என்று தீர்ப்பெழுதினார். எந்திரம் எவ்வளவு உற்பத்தி செய்கிறது, முதலாளிக்கு என்ன லாபம் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. ஒரு மனிதன், மனைவி, பிள்ளைகள் என்று சுமார் ஐந்து பேர் உள்ள குடும்பம் நாகரிகமாக, சிக்கனமாக வாழ என்ன வேண்டும் என்று கேட்டார். மளிகை, விறகு, வாடகை என்று கணக்குப் போட்டு ஒரு நாளைக்கு 7 ஷில்லிங் என்று நிர்ணயித்தார். கூலியை லாபத்தின் மிச்சமாகப் பார்க்காமல் மனிதத் தேவையிலிருந்து தொடங்கிய தீர்ப்பு. உலகத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய விஷயம், மறுக்கவில்லை.

ஆனால் 'குடும்பம்' என்ற சொல்லாடல் அந்தத் தீர்ப்பில் எப்படிக் கட்டப்படுகிறது பாருங்கள். சம்பாதிக்கிறவன் ஆண். மனைவி ஒரு செலவுக் கணக்கு. அதனால்தான் அதே ஹிக்கின்ஸ் 1919இல் தையல் தொழில் பெண்களுக்கு ஆண் கூலியில் 54 சதவீதம் என்று முடிவு கட்ட முடிந்தது. அவளுக்குக் காப்பாற்றக் குடும்பம் இல்லையாம். 1950இல்தான் அது 75 சதவீதமானது. சமவேலைக்குச் சமகூலி என்பது 1969, 1972 வழக்குகளுக்குப் பிறகு. கேரவனின் உள்ளமைப்பு இந்தத் தீர்ப்பை அப்படியே மரப்பலகையில் செய்துவைத்தது போல இருக்கிறது: ஒரு இரட்டைப் படுக்கை, பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், நடுவில் அவள் நின்று சமைக்க ஒரு கைப்பிடி அளவு இடம். விடுமுறைச் சட்டங்கள் எல்லாம் முதலாளியிடமிருந்து வாங்கிய விடுமுறை பற்றியவை. கணவனிடமிருந்து விடுமுறை வாங்கித்தர நடுவர் மன்றம் கிடையாது.

தீர்ப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1901இல் கூட்டரசு அமைந்ததும் அது போட்ட முதல் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்று பெயர் வாங்கிய கொள்கையின் அடித்தளம். கரும்புத் தோட்டத்துப் பசிபிக் தீவுத் தொழிலாளிகளை வெளியேற்றும் சட்டமும் அதே வருடம். தொழிற்சங்கங்கள் இதை எதிர்க்கவில்லை, கைதட்டின. உயர்ந்த கூலி, குறைந்த நேரம், நிறத்தடை என்பவை தனித்தனிச் சாமான்கள் அல்ல, ஒரே மூட்டை. அந்தத் தடை 1966இல் தளரத் தொடங்கி 1973இல்தான் முழுதாகப் போயிற்று. அத்தானும் அக்காவும் இன்று சன்ஷைனில் இருப்பதே அந்த மூட்டை அவிழ்ந்ததால்தான்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு எந்திர ஞானம் குறைவு. 1920, 30களில் ஆஸ்திரேலியாவில் கேரவன் பெரும்பாலும் வீட்டுப் பின்கட்டில் ஒட்டுப்பலகையை அறுத்துத் தாங்களே செய்துகொண்டது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து 1950இல்தான் அது நீங்கியது. 1948 நவம்பர் 29 அன்று ஆஸ்திரேலியாவிலேயே செய்த முதல் ஹோல்டன் காரைப் பிரதமர் பென் சிஃப்லி வெளியிட்டார். ரயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்து பிரதமரானவர். விலை 733 பவுண்டு; சாதாரணத் தொழிலாளியின் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல். கடன் வாங்கி வாங்கினார்கள். கிறிஸ்துமஸை ஒட்டித் தொழிற்சாலைகள் மொத்தமாக மூடும்போது தெருத்தெருவாகக் கடற்கரைக்குப் போனார்கள். வருடா வருடம் அதே கடற்கரை, அதே இடம், பக்கத்துக் கூடாரத்தில் அதே குடும்பம். அந்த ஹோல்டன் தொழிற்சாலைகளில் கடைசியானது 2017 அக்டோபரில் மூடியது. கேரவன்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஃபூக்கோ 1967இல் ஆற்றி, 1984இல் அச்சான ஓர் உரையில் 'வேற்றிடங்கள்' பற்றிப் பேசுகிறார். கல்லறை, சிறை, கப்பல், அப்புறம் விடுமுறைக் கிராமங்கள். வருடத்தில் சில வாரம் நாகரிகத்தைக் கழற்றிவைக்கிற இடங்கள். கேரவன் பார்க்கைப் பார்த்ததும் எனக்கு அந்த உரைதான் நினைவுக்கு வந்தது. நம்ம ஆட்கள் ஃபூக்கோவைச் சிறையோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் உரை போதவில்லை. வேற்றிடம் என்பது யாருடைய இடத்தில் போடப்பட்டது என்ற கேள்வி அதில் எழவில்லை. ஆஸ்திரேலிய விமர்சகர்களிடமும் எனக்கு இந்த மனக்குறை உண்டு. ஃபிஸ்க், ஹாட்ஜ், டர்னர் மூவரும் சேர்ந்து 1987இல் எழுதிய 'ஆஸ்திரேலியத் தொன்மங்கள்' புத்தகத்தில் கடற்கரையை ஒரு பிரதியாக வாசிக்கும் கட்டுரை இருக்கிறது. இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் நடுவில் உள்ள வெளி கடற்கரை என்கிறார்கள். அழகான வாசிப்பு. ஆனால் மணலின் ஒரு பக்கம் 'இயற்கை' என்று யார் சொன்னது? அந்த 'இயற்கை'யில் சிப்பி பொறுக்கி, மீன் பிடித்து, செத்தவரைப் புதைத்து ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்தவர்கள் எந்தப் பக்கம்?

மூன்றாம் நாள் லேக்ஸ் என்ட்ரன்ஸ் வந்தோம். கிப்ஸ்லாந்து ஏரிகள் கடலில் கலக்கிற ஊர். ராத்திரி வண்டியை நிறுத்தி, மின்சாரக் கம்பியைச் செருகி, அத்தான் அலுவலகத்தில் பணம் கட்டிவிட்டு வந்தார். இந்தக் கடற்கரைகளில் கேரவன் பார்க் பெரும்பாலும் தனியார் நிலம் அல்ல. அரசுடைமை நிலம், பொதுப் பயனுக்கு என்று ஒதுக்கப்பட்டு உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருப்பது. 'ரிசர்வ்' என்பார்கள். நானோ தமிழ் எம்.ஏ. படித்தவன், சொல்லைப் பிடித்தால் விடமாட்டேன். ரிசர்வ் என்றதும் எனக்கு வேறொரு ரிசர்வ் நினைவு வந்தது. அடுத்த நாள் காலை அரைமணி ஓட்டத்தில் அதன் வேலி ஓரத்துக்கே போய்விட்டோம்.

லேக் டயர்ஸ். குனாய்குர்னாய் மக்களின் மொழியில் பங் யார்ண்டா. 1840களில் இந்தக் கிப்ஸ்லாந்தில் நடந்த கொலைகளில், 1843இல் வாரிகல் ஓடையில் நடந்தது ஒன்றுதான் ஓரளவு வெளியில் தெரியும். தப்பியவர்களை வைத்து 1861இல் ஜான் பல்மர் என்ற பாதிரியார் ஏரிக்கரையில் ஒரு மிஷன் தொடங்கினார். 1886இல் விக்டோரியா ஒரு சட்டம் போட்டது: 34 வயதுக்குட்பட்ட 'கலப்பு ரத்தம்' உள்ளவர்கள் மிஷனைவிட்டு வெளியேற வேண்டும். ஒரே வீட்டில் தாய் உள்ளே, மகன் வெளியே. ரேஷனை மிச்சப்படுத்த இப்படிக் குடும்பத்தை அறுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்ற மிஷன்களை ஒவ்வொன்றாக மூடி மிஞ்சியவர்களை லேக் டயர்ஸுக்குத் தள்ளினார்கள். சுமார் 4000 ஏக்கர், ஒரு மேலாளர், வெளியே போக அனுமதிச் சீட்டு.

அங்கேதான் விடுமுறைக்காரர்கள் வந்தார்கள். லேக்ஸ் என்ட்ரன்ஸில் தங்கியவர்கள் ஒரு நாள் உல்லாசப் பயணமாகப் படகிலும் வண்டியிலும் லேக் டயர்ஸுக்குப் போய் 'கடைசிக் கறுப்பர்களை'ப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாக இருந்தது. பூமராங் எறிந்து காட்டுவார்கள், விற்பார்கள். யூகலிப்டஸ் இலையை உதட்டில் வைத்து ஊதும் இலைவாத்தியக் குழு ஒன்று இருந்தது. கிறிஸ்துவப் பாட்டும் ராணுவ மெட்டும் இலையில் வாசித்தார்கள். ஒருவன் ஊரைவிட்டு வெளியே போய்ச் சுற்றிப்பார்க்கக் கூலியோடு வாரம் தந்த சட்டமும், இன்னொருவன் தன் நிலத்தைவிட்டு வெளியே போகச் சீட்டுக் கேட்க வைத்த சட்டமும் ஒரே அரசின் மேசையிலிருந்து வந்தவை. அசைய முடிந்தவன் பார்க்கிறவன் ஆகிறான், அசைய முடியாதவன் காட்சியாகிறான்.

ஆனால் இதை வெறும் அவமானக் கதையாக எழுதினால் அதுவும் ஒரு சுற்றுலாப் பார்வைதான். இலைவாத்தியம் வாசித்தவர்களுக்கு அந்த இசையில் பெருமை இருந்தது. பூமராங் காசு மேலாளரின் கணக்கில் வராத காசு. 1950களின் கடைசியில் அரசு லேக் டயர்ஸை மூடி மக்களை ஊர் ஊராகக் கலைக்கத் திட்டமிட்டபோது இதே மக்கள்தான் முடியாது என்றார்கள். பாஸ்டர் டக் நிக்கல்ஸ் 1963இல் பூர்வகுடி நல வாரியத்திலிருந்து ராஜினாமா செய்தார். அந்த வருடம் லேக் டயர்ஸ் மக்கள் மெல்பர்ன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 1965இல் நிரந்தர ரிசர்வ் என்று அறிவிப்பு. 1970ஆம் வருடச் சட்டத்தின்படி 1971 ஜூலையில் நிலம் அங்கு வாழ்ந்தவர்களின் அறக்கட்டளைக்கு உரிமையாகக் கொடுக்கப்பட்டது. மாபோ தீர்ப்புக்கு 21 வருடம் முன்பு.

நம்மிடம் 'புறம்போக்கு' என்ற சொல் இருக்கிறது. வரி வராத நிலம் என்று வருவாய்த்துறை எழுதிய சொல், பிறகு மனுஷனைத் திட்டுகிற சொல்லாகிவிட்டது. ரிசர்வ் என்ற சொல்லுக்கும் இந்த இரட்டை வாழ்க்கை உண்டு. ஒரு ரிசர்வில் நீ விரும்பி வந்து இரண்டு வாரம் தங்கலாம், அதற்கு மேல் தங்கினால் நிர்வாகம் கிளப்பும். இன்னொரு ரிசர்வில் உன்னைக் கொண்டுவந்து வைப்பார்கள், கிளம்பினால் தண்டனை. ஒன்று மற்றதாக மாறியதும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் வடகடற்கரையில் நம்பக்கா ஆற்று முகத்தில் ஸ்டூவர்ட் தீவு என்று ஒரு சின்னத் தீவு. கும்பாயின்கிர் மக்களின் ரிசர்வாக இருந்தது. இன்று கோல்ஃப் மைதானம். அந்த மாநிலத்தில் பூர்வகுடிகளுக்கென்று இருந்த ரிசர்வ் நிலத்தில் கிட்டத்தட்ட பாதி 1911க்கும் 1927க்கும் இடையில் பிடுங்கப்பட்டது என்று ஹெதர் குடால் 1996இல் வந்த தன் நூலில் கணக்குக் காட்டுகிறார். பாலுக்கு மாடு வளர்க்கிற வெள்ளைக்காரருக்குப் போனது பெரும்பங்கு. குளிக்கவும் விளையாடவும் போனதும் உண்டு.

ஆர்போஸ்ட், பிறகு மாநில எல்லை தாண்டி ஈடன், பீகா, பொடால்லா. இந்த வழி முழுக்க ஒரு காலத்தில் பீன்ஸும் பட்டாணியும் விளைந்தது. 1930களிலிருந்து 1960கள் வரை யூயின், குனாய்குர்னாய் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு பயிர் முற்ற முற்ற இந்தக் கடற்கரை நெடுகப் பறிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஆற்றங்கரையில் சாக்கும் தகரமும் கட்டி வாசம். அதாவது ஒரே கோடையில், ஒரே நெடுஞ்சாலையில், இரண்டு விதக் குடும்பங்கள் கூடாரம் போட்டிருந்தன. ஒருவர் ஓய்வுக்கு, ஒருவர் கூலிக்கு.

இங்கே கதை நேராக இல்லை. பறிப்பு வேலைக்குப் போனவர்களுக்கு அதுவும் ஒருவகை விடுதலையாக இருந்தது. மிஷன் மேலாளரின் கண்ணில் படாமல், சொந்தபந்தம் கூடி, ராத்திரி பாட்டும் சீட்டுக்கட்டுமாக இருக்க முடிந்தது. உழைப்பே ஓய்வின் வேடம் போட்டது. லஃபார்க்குக்கு இது தெரியாது; ஹிக்கின்ஸுக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை.

ஆனால் கூடாரத்துக்குள் படுத்திருந்த குழந்தைகளின் நிலைமை? நியூ சவுத் வேல்ஸில் 1915ஆம் வருடத் திருத்தம் பூர்வகுடிக் குழந்தைகளை நீதிமன்ற விசாரணை இல்லாமலே எடுத்துச்செல்லப் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரம் தந்தது. 1940க்குப் பிறகு பொதுக் குழந்தைகள் நலச் சட்டத்தின் வழியாக நீதிமன்றம் போக வேண்டும் என்று மாற்றினார்கள், பெரிய சீர்திருத்தம் போல. அந்த 1939ஆம் வருடச் சட்டத்தில் ஒரு குழந்தையைப் 'புறக்கணிக்கப்பட்டது' என்று அறிவிக்கக்கூடிய காரணங்களில் ஒன்று நிலையான வசிப்பிடம் இல்லாமை. யோசித்துப் பாருங்கள். துணிக்கூரைக்குக் கீழே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில், மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, செருப்பில்லாமல் திரிகிற ஒரு குழந்தை. தோல் வெளுப்பாக இருந்தால் அது அவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லி மகிழப்போகிற பால்யம். கறுப்பாக இருந்தால் சட்டத்தின் வாய்க்குள் இருக்கிற பால்யம்.

கடைசி மூன்று நாள் நௌராவுக்குப் பக்கத்தில் கல்பரா கடற்கரை. அங்கே போக வேண்டும் என்று அடம்பிடித்தது நான். மேக்ஸ் டுபெய்ன் எடுத்த 'வெயில் காய்பவன்' என்ற புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்: மணலில் குப்புறப் படுத்து, கைமேல் தலைசாய்த்து, தோளிலும் தலையிலும் தண்ணீர்த்துளி மின்ன ஒரு ஆண். ஆஸ்திரேலியாவை ஒரே படத்தில் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவார்கள். 1937இல் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்கிய ஒரு கடற்கரை விடுமுறையில் எடுத்தது, கல்பராவில். 1970களின் நடுவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் தேசியச் சின்னமாயிற்று. இதில் வேடிக்கை, படத்தில் படுத்திருப்பவர் இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடத் தொழில் செய்பவர். தேசத்தின் உடல் என்று கொண்டாடப்படுவது குடியேறி ஒருவரின் உடல். இதையொட்டி ஆன் ஜஹால்கா 1989இல் அதே கோணத்தில் வெளிறிய தோலும் செம்பட்டை முடியுமாக ஒருவரைப் படுக்கவைத்துப் படமெடுத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது டிரேஸி மொஃபாட் 1985இல் எடுத்தது: பாண்டை கடற்கரையில், முகத்தில் வண்ணக்கோடு, கையில் பீர், பக்கத்தில் ரேடியோ, கார் முன்பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறார் நடிகர் டேவிட் குல்பிலில். நம்மைத்தான் பார்க்கிறார். 'வெயில் காய்பவன்' யாரையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

அந்தப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது? கல்பராவை ஒட்டி ஓரியன்ட் பாயின்டில் ஜெரிஞ்சா மக்களின் ரோஸ்பி பார்க் ரிசர்வ். 1937இலும் இருந்தது, இன்றும் அந்தச் சமூகம் அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம், காரில் அரைமணி தூரத்தில் பொமடெரி. அங்கே 1908 முதல் 1988 வரை ஒரு மிஷன் அமைப்பு பூர்வகுடிக் குழந்தைகளுக்கான விடுதி நடத்தியது. பிறந்த குழந்தையிலிருந்து பத்து வயதுவரை வைத்திருந்து, அப்புறம் பையன்களைக் கெம்ப்ஸி பக்கம் கின்செலாவுக்கும் பெண்களைக் கூட்டமுண்ட்ராவுக்கும் அனுப்புவார்கள். தொலைந்த குழந்தைகளின் நினைவில் பொமடெரி ஒரு முக்கியமான பெயர். 1997இல் வெளியான 'அவர்களை வீட்டுக்குக் கொண்டுவருதல்' விசாரணை அறிக்கைக்குப் பிறகு பதினோரு வருடம் கழித்து, 2008 பிப்ரவரி 13 அன்று, பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு பேருந்தும் இந்தக் கடற்கரையில் ஓடியது. 1965 பிப்ரவரியில், கல்லூரி விடுமுறையில், சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் முப்பது பேர் வாடகைப் பேருந்தில் கிளம்பினார்கள். உள்நாட்டில் வால்கெட், மோரி என்று போய்த் திரும்பும்போது வடகடற்கரை வழியாக வந்தார்கள். கெம்ப்ஸி நகர நீச்சல்குளத்தில் பூர்வகுடிக் குழந்தைகளைச் சேர்க்கமாட்டோம் என்று தடுத்தார்கள். வெள்ளைக் குழந்தைகள் கோடை முழுக்க நீந்துகிற கடற்கரை ஊர்களுக்குப் பக்கத்து நகரம் அது. விடுமுறையில் போன அந்த மாணவர் பயணத்தை நான் கேரவன் வரலாற்றின் ஒரு பகுதியாகத்தான் வாசிக்கிறேன். விடுமுறையை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு அது இன்னொரு பதில்.

கல்பராவில் ஒரு ராத்திரி அத்தானோடு இதையெல்லாம் பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி மாப்ள. அப்ப நான் லீவு போடக்கூடாதுங்கிறியா?" என்றார். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. சங்கம் வாங்கித் தந்த நான்கு வாரத்தை ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. உள்நாட்டுக் கால்நடைப் பண்ணைகளில் வேலை செய்த பூர்வகுடிகளுக்குச் சமகூலி 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கூலியும் லீவும் முன்பே கிடைத்திருக்க வேண்டியவை என்றுதான் நான் வாதிட்டேன். "நம்மளே இங்க நேத்து வந்தவங்க, நம்ம தலையில ஏன் கட்டுற" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு, தப்பித்தலும் உண்டு.

நேற்று வந்தவர்கள் என்றதும் எனக்கு வேறொரு வருகை ஞாபகம் வந்தது. 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து கிளம்பிய படகு ஒன்றில் 157 தமிழர்கள், குழந்தைகளும் உண்டு, ஆஸ்திரேலியா நோக்கிப் போனார்கள். கடலில் மறித்து, ஒரு சுங்கத்துறைக் கப்பலில் கிட்டத்தட்ட ஒரு மாதம் அடைத்துவைத்து, அப்புறம் சில நாள் நிலத்தில் இறக்கி, நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தடுப்புக்காவல் சட்டப்படி சரியே என்று உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், தீர்ப்பளித்தது. ஐந்து வருடம் கழித்து, 2019 டிசம்பர் 31 அன்று, நாங்கள் தாண்டி வந்த மல்லக்கூட்டாவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது கேரவன் விடுமுறைக்காரர்களும் ஊர்க்காரர்களுமாகச் சுமார் நாலாயிரம் பேர் கடலோரத்துக்கு ஓடினார்கள். சிவந்த வானத்தின் கீழே தண்ணீர் விளிம்பில் நின்றார்கள். ஜனவரி 3ஆம் தேதி கடற்படைக் கப்பல் வந்து ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனது. அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் குறையே இல்லை. அதே கடல், அதே அரசின் கப்பல் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

2010 அக்டோபரில் குனாய்குர்னாய் மக்களின் பூர்வ நில உரிமையைக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றது. அந்தப் பகுதியின் பல பூங்காக்களையும் ரிசர்வுகளையும் அரசோடு சேர்ந்து அவர்கள் நிர்வகிக்கிறார்கள், லேக் டயர்ஸ் மாநிலப் பூங்கா அதில் ஒன்று. அங்கே போய்க் கூடாரம் போடுகிறவர் இன்று அவர்களுடைய விருந்தாளி. விருந்தாளிக்கு அது தெரியுமா என்பது வேறு விஷயம்.

கல்பராவில் கடைசி நாள் சாயங்காலம். அத்தானும் பிள்ளைகளும் தண்ணீரில். அக்கா கேரவனைப் பூட்டிவிட்டு வந்தாள். பத்து நாளில் முதல்முறையாகப் பாத்திரம் எதுவும் இல்லாத கையோடு. சுடிதாரோடு அப்படியே ஈர மணலில் குப்புறப் படுத்தாள், முகத்தைக் கைமேல் வைத்து. "ராத்திரிக்கு அடுப்பு கிடையாது. ரொட்டி இருக்கு, பிச்சுத் தின்னுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். அத்தான் ஓடிவந்து ஃபோனை எடுத்துக் குனிந்தார். "போட்டோ எடுக்காதீங்க" என்றாள் அக்கா. எடுக்கவில்லை.